மீன் உள்ளே இருக்கும்போதே புதுத் தொட்டியை சைக்கிள் செய்வது எப்படி? (பெட்டா வளர்ப்பவர்களுக்கு)

தொட்டி, ஃபில்டர், கல், பெட்டா (ஃபைட்டர் மீன்) எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து மீனையும் விட்டாச்சு, அப்புறம்தான் யாரோ "சைக்கிள் பண்ணாமலா மீன் விட்டீங்க?" என்று கேட்கிறார்கள். சைக்கிள் என்றால், மீன் கழிவின் விஷத்தை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளரவிடுவது. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீன் இல்லாமலே தொட்டியைத் தயார் செய்துவிட்டு அப்புறம் மீன் வாங்குவதுதான் நல்ல வழி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மீன் வந்துவிட்டது என்றால் அதையும் காப்பாற்றிக்கொண்டு சைக்கிளையும் முடிக்கலாம். பொதுவாக 4 முதல் 8 வாரம் ஆகும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது, கழிவும் மிச்சத் தீனியும் அழுகி இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. ஒரு வகை பாக்டீரியா இதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் குறைந்த அளவிலேயே விஷம். நைட்ரேட் அவ்வளவு ஆபத்தில்லை, 40 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 40 பங்கு) கீழே வைத்திருந்தால் போதும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா கிட்டத்தட்ட இல்லை, வளர்வதும் மெதுவாகத்தான். அது வளரும் வரை அதன் வேலையை வாளியும் குழாயுமாக நீங்கள்தான் செய்ய வேண்டும்.

1. தொட்டியைச் சரி செய்யுங்கள்

குறைந்தது 20 லிட்டர் இருக்கட்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் இதைச் செய்ய முயல வேண்டாம், அவ்வளவு குறைந்த தண்ணீரில் அம்மோனியா ஒரே நாளில் எகிறிவிடும். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பெட்டாவுக்குப் பொருத்தம், ஏனென்றால் வேகமான நீரோட்டத்தில் அந்த நீளத் துடுப்புகளை இழுத்துக்கொண்டு நீந்தி அது களைத்துவிடும். வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். அறை அதைவிடக் குளிர்ந்தால் ஹீட்டர் கட்டாயம். பெட்டா மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன், அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி விடுங்கள். காற்றைச் சுவாசிக்கிறதே, மோசமான தண்ணீரிலும் தாங்கும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், அம்மோனியா அதன் செவுளையும் அரிக்கத்தான் செய்யும்.

2. குளோரின் நீக்கி இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாதீர்கள்

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனையும் தாக்கும், நீங்கள் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது பெரும்பாலும் சரிதான், ஆனால் சில இடங்களில் குளோரமின் என்ற கிருமிநாசினியைக் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது.

3. தினமும் டெஸ்ட் செய்யுங்கள்

சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் வாங்குங்கள், காகிதப் பட்டையைவிட நம்பகமானது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில-காரத் தன்மை) நான்கும் அதில் இருக்க வேண்டும். நைட்ரேட் பாட்டிலில் மட்டும் கவனம்: பல கிட்களில் இரண்டாவது பாட்டிலின் மருந்து அடியில் கெட்டியாகப் படிந்துவிடும், நன்றாகக் குலுக்காமல் விட்டால் நைட்ரேட்டே இல்லை என்று பொய்க் கணக்குக் காட்டும். நிறத்தை வெளிச்சத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், மஞ்சள் பல்பின் கீழே மஞ்சளும் வெளிர் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

4. எண்ணைப் பார்த்துத் தண்ணீர் மாற்றுங்கள்

இதுதான் உயிர்நாடி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5 பிபிஎம்மைத் தொட்டால் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். கணக்கு சுலபம்: 1 பிபிஎம் இருந்தால் ஒருமுறை பாதி மாற்றினால் 0.5, இன்னொருமுறை மாற்றினால் 0.25. பிஎச் 8 பக்கம் இருக்கிறதென்றால் இன்னும் முன்னதாகவே மாற்றுங்கள், ஏனென்றால் பிஎச் 7-இல் இருப்பதைவிட அங்கே அம்மோனியாவின் விஷமான வடிவம் ஏறக்குறைய 10 மடங்கு அதிகம். அதற்காக பிஎச்சைக் குறைக்கும் மருந்துகளில் இறங்க வேண்டாம், அது ஏறி இறங்குவது மீனுக்கு இன்னொரு தொல்லை. ஊற்றும் தண்ணீர் தொட்டியின் அதே சூட்டில் இருக்கட்டும்.

"இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் சைக்கிள் எப்படி முடியும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். மிச்சமிருக்கும் 0.25 அதற்குத் தீனியாகப் போதும்.

5. தீனியைக் குறையுங்கள்

நாளைக்கு ஒரு வேளை, சின்ன பெல்லட் 2 அல்லது 3. வாரத்தில் ஒரு நாள் போடாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது. கண்ணாடிப் பக்கம் வந்து கெஞ்சுவது போல நிற்கும், பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் போடாதீர்கள். சாப்பிடாமல் விட்டதை உடனே எடுத்துவிடுங்கள்.

6. வேகப்படுத்த வேண்டுமா?

நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். இதைவிட நல்ல உதவி கிடையாது. காயவிடாமல், தொட்டித் தண்ணீரிலேயே போட்டுக் கொண்டு வந்து உங்கள் ஃபில்டர் பக்கத்தில் வையுங்கள். வேகமாக வளரும் மிதவைச் செடிகளும் அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சும். பாட்டில் பாக்டீரியாவைச் சேர்ப்பதென்றால் சேருங்கள், ஆனால் அதை நம்பி டெஸ்ட்டை நிறுத்த வேண்டாம்.

இடையில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கலாம். பயந்துபோய் கல்லையும் ஃபில்டரையும் எடுத்துக் கழுவிவிடாதீர்கள், சில நாளில் தானே தெளியும். மீன்தான் முக்கியம்: செவுள் சிவந்திருக்கிறதா, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கிறதா, வழக்கத்தைவிட அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்குகிறதா என்று தினமும் பாருங்கள். இதில் எது தெரிந்தாலும் முதலில் டெஸ்ட், உடனே தண்ணீர் மாற்றம்.

7. முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் முதலில் அம்மோனியா இறங்கும், அப்போது நைட்ரைட் ஏறும். இங்கேதான் பலர் முடிந்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். நைட்ரைட் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுத்துவிடும், ஆகவே இந்தக் கட்டத்திலும் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தாதீர்கள். தண்ணீர் மாற்றாமலே ஒரு வாரம் முழுக்க அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் மெல்ல ஏறுகிறது என்றால் சைக்கிள் முடிந்தது.

அப்புறம் வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிந்து அலசுங்கள். குழாயடியில் காட்ட வேண்டாம், புதிதாக மாற்ற வேண்டி வந்தாலும் பழையதையும் புதியதையும் சில வாரம் சேர்த்தே ஓட விடுங்கள்.