காட்டுத்தீப் பணியில் பல துறைகள் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுத்தீ எங்கோ மலையில் நடக்கும் விஷயம் என்றுதான் சென்னையில் பலரும் நினைத்திருந்தோம். 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை அது மாறியது. போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் போன குழுவைத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குழுவில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள். முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கியது குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். அப்புறம் வனத்துறை, தீயணைப்பு, காவல், மருத்துவக் குழு, விமானப்படை என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

இத்தனை பேரும் ஒருவரையொருவர் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் தீ எரியும் சரிவாக இருக்கக் கூடாது. வரைபடம் தயாரிப்பது என் வேலை. சில கோடைகளாக இந்தக் கூட்டுப் பணியில் ஒரு ஓரத்தில் இருந்து வருகிறேன். திரும்பத் திரும்பப் பார்த்த தவறுகளை எழுதுகிறேன்.

முதல் தவறு, கூட்டத்தை மார்ச்சில் போடுவது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்கிறது. ஜனவரியில் புல் காய்கிறது. பிப்ரவரி பிறந்தால் இலையுதிர் காடுகளில் தரையெல்லாம் சருகு. தீ தாண்டாமலிருக்கப் புல்லும் சருகும் நீக்கி வைக்கும் தீத்தடுப்புக் கோடுகளை அதற்குள் சுத்தம் செய்து முடித்திருக்க வேண்டும். ஆனால் செய்தியில் புகைப்படம் வந்த பிறகுதான் பலருக்குக் கூட்டம் போடத் தோன்றுகிறது. அப்போது வர வேண்டிய வனச்சரகர் மலையில் இருப்பார். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பதிலாக வந்தவர். தீபாவளி முடிந்த கையோடு கூடுங்கள். யாரிடம் எந்த வரைபடம், யாரிடம் எத்தனை வாக்கி டாக்கி, எந்த ஓடையில் ஏப்ரலிலும் தண்ணீர் நிற்கும் என்று பேச அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

அடுத்தது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஆளை அலைக்கழித்துவிடும். தீ இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளாதது. ஒரு முறை நான் அனுப்பிய செய்தியில் அட்சரேகை 11.30 என்று இருந்தது. நான் எழுதியது தசம டிகிரி. வாங்கியவர் 11 டிகிரி 30 நிமிடம் என்று படித்தார். 11.30 என்றால் உண்மையில் 11 டிகிரி 18 நிமிடம்தான். வித்தியாசம் 12 நிமிடம். நிலத்தில் அது சுமார் 22 கிலோமீட்டர். ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் சாலைத் தூரத்தைவிட அதிகம். அன்று அந்தச் சரகத்தின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எண்ணைப் பார்த்ததுமே, "இது எங்க பீட்டே இல்லீங்க சார்" என்று சொன்னதால் தப்பித்தோம். பீட் என்பது ஒரு காவலர் சுற்றிவரும் காட்டுப் பகுதி. இப்போது எந்தச் செய்தியிலும் எண்ணோடு பீட் பெயரையும், பக்கத்தில் உள்ள பாறை, ஓடை, கோயில் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரையும் சேர்த்தே அனுப்புகிறோம். சென்னையில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறவர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டு வாங்கி வரைபடத்தில் ஏற்ற வேண்டும். மலையில் நடப்பவருக்கு அவைதான் முகவரி.

எண்ணைப் போலவே சொல்லிலும் குழப்பம் உண்டு. "தீ கட்டுக்குள் வந்துவிட்டது" என்று செய்தியில் படிக்கிறோம். இந்த ஒரு சொல்லை மூன்று நிலைக்கும் பயன்படுத்துகிறார்கள். சுற்றிலும் கோடு போட்டாகிவிட்டது, இனிப் பரவாது என்பது ஒன்று. சுவாலை அடங்கிவிட்டது என்பது இன்னொன்று. சாம்பலின் மேல் புறங்கையைக் கொண்டுபோனால் சூடே இல்லை என்பது மூன்றாவது. ஒரு துறை முதல் பொருளில் சொல்ல, இன்னொரு துறை மூன்றாம் பொருளில் எடுத்துக்கொண்டு ஆட்களை மலையிலிருந்து கீழே இறக்கிவிட்டால் என்ன ஆகும்? விழுந்து கிடக்கும் மரத்தின் உள்ளே கங்கு இருக்கும். மறுநாள் மதியம் சரிவில் காற்று மேலேறும்போது அது சருகில் விழும். கோடு போட்டாச்சு, சுவாலை இல்லை, குளிர்ந்துவிட்டது: வயர்லெஸ்ஸில் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. 1970இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 13 நாள் எரிந்த தீயில் 16 பேர் இறந்தார்கள், 700 கட்டடங்கள் போயின. அங்கே ஆளும் வண்டியும் இருந்தும், ஒரு துறையின் வயர்லெஸ் இன்னொரு துறைக்குக் கேட்கவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். யார் உத்தரவு போடுவது என்று தெளிவில்லை. ஒரே நிகழ்வுக்கு ஒரே கட்டளை அமைப்பு என்ற முறை அந்த அனுபவத்திலிருந்துதான் பிறந்தது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் இதைத் தழுவி இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பு. அவருக்குக் கீழே களத்தில் ஒரு கமாண்டர். எல்லோரும் இதைப் படித்திருப்பார்கள். ஆனால் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து ஒரு நாளாவது மலையில் ஒத்திகை பார்க்காமல், தாளில் பெயர் எழுதி வைத்தால் போதும் என்று விட்டுவிடுவதுதான் தவறு. நகரத்தில் தண்ணீர் லாரியோடு பழகியவருக்கு, பச்சைத் தழையால் அடித்து அணைக்கும் வேலையும், தீ வரும் வழியை முன்கூட்டியே எரித்துவிடும் எதிர்த்தீ வேலையும் புதிது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். பத்து டிகிரி சரிவு கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது களத்தில் பயன்படும் கணக்கு. தீக்கு மேலே நிற்கக் கூடாது என்று படித்துத் தெரிந்துகொள்வது போதாது, காலுக்குப் பழகியிருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை இன்னொரு பெரிய தவறு. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்து எஸ்எம்எஸ் வாங்கலாம். அருமையான சேவை. ஆனால் இதற்குப் பயன்படும் செயற்கைக்கோள்களில் உள்ள விஐஐஆர்எஸ் என்ற கருவி நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான். மாலை மூன்று மணிக்குப் பிடித்த தீ அதன் கண்ணில் படவே நள்ளிரவு தாண்டிவிடும். அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் பக்கமுள்ள சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் எங்கே என்று அது சொல்லாது. ஒரே தீ நான்கைந்து புள்ளியாகவும் வரும். அதனால் புள்ளிகளை எண்ணி, இந்த ஆண்டு இத்தனை தீ என்று அறிக்கை எழுதாதீர்கள். கண்காணிப்புக் கோபுரத்தில் இருப்பவர் சொல்லும் புகையும் செயற்கைக்கோள் புள்ளியும் ஒரே பதிவேட்டில் சேர வேண்டும்.

வானிலையிலும் இதே கதைதான். மாவட்டத்துக்கான முன்னறிவிப்பு நல்ல உதவி. ஆனால் பகலில் மேலேறி இரவில் கீழிறங்கும் மலைக்காற்றைத் தெரிந்துகொள்ள அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு சிறு கருவியும் அதைத் தினமும் படிக்க ஒரு ஆளும் வேண்டும்.

எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது வேறு. காட்டில் வாழ்பவர்களைக் கூலிக்கு மட்டும் கூப்பிட்டு, கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடுவது. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் ஒரு காலத்தில் ஆண்டின் தொடக்கத்தில், சருகு குறைவாக இருக்கும்போதே, தாழ்ந்த தீ வைத்து வந்தார்கள். 1974இல் அது சரணாலயமான பின் அந்த வழக்கம் நின்றது. பிறகு உண்ணிச்செடி புதராக ஏறியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது, இரண்டுக்கும் தீ நின்றதே காரணம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து இதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு எல்லாக் காட்டிலும் தீ வைக்கலாம் என்று கிளம்பக் கூடாது. சோலைக்காடு தீயைத் தாங்காது, காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றமும்கூட. ஆனால் எந்தக் காட்டில், எந்த மாதத்தில், எவ்வளவு என்ற கேள்வியை அறிவியலாளர், வனத்துறை, பழங்குடியினர் மூவரும் ஒரே மேசையில் வைத்துத்தான் பேச முடியும். ஆய்வு முடிவை ஆங்கிலத்தில் மட்டும் வெளியிட்டுவிட்டுப் போவதும் இதே தவறின் இன்னொரு முகம். தீக்காவலர் படிக்கிற மாதிரி இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

மாநில எல்லையையும் மறக்க வேண்டாம். பந்திப்பூர், முதுமலை, வயநாடு மூன்றும் ஒரே காடு. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. குரங்கணிக்கு மேலே உள்ள கொழுக்குமலை தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப்பில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற முடியும். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரகரின் கைப்பேசி எண் இந்தப் பக்கத்து வனவரிடம் இருக்கிறதா என்று ஜனவரியில் ஒரு முறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, சென்னையிலிருந்து உதவ நினைப்பவர்களுக்கு. தீ எரியும்போது வண்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். உங்களைக் காப்பாற்றவும் ஆள் தேவைப்படும். டிசம்பரிலேயே ஒரு சரகத்தைத் தொடர்புகொண்டு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் டிரோன் கேட்பார்கள் என்று நினைத்தேன். கால் அளவு எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார்கள். பதினான்கு ஜோடி ஷூ, ஏழாம் நம்பர்தான் அதிகம்.