குழந்தைக்கான முதல் இலக்கு ரைபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

சுடுதளத்தில் சில மாதங்கள் பயிற்சி பெற்ற குழந்தைக்குச் சொந்தமாக ஒரு ஏர் ரைபிள் வாங்க முடிவு செய்யும் பெற்றோர், பெரும்பாலும் விலையையும் துல்லியத்தையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் உடல் அளவு என்பதே என் உறுதியான கருத்து. 10 மீட்டர் போட்டிக்கான இலக்கு அட்டையில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான் என்றாலும், அந்தப் போட்டிக்கென்றே செய்யப்பட்ட ரைபிள் எதுவாயினும், புதிதாகக் கற்கும் குழந்தையால் அதை அசையாமல் பிடிக்க முடிகிற அளவைவிட நுட்பமாகவே சுடும். உடலுக்குப் பொருந்தாத ரைபிளோ தவறான நிலையைப் பழக்கிவிடும். படிந்துவிட்ட பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது பயிற்சியாளருக்கும் குழந்தைக்கும் பெரும்பாடு.

ரைபிளின் எடையைச் சர்வதேசப் போட்டி விதிகள் 5.5 கிலோ வரை அனுமதிக்கின்றன. அது பெரியவர்களுக்கும் உச்ச வரம்பு. சிறுவர்களுக்கென்று வரும் மாதிரிகள் ஏறக்குறைய 3 முதல் 3.5 கிலோ எடை கொண்டவை. ஆனால் எண்ணை மட்டும் நம்பாமல், பெல்லட் (ஏர் ரைபிளில் இடும் சிறு குண்டு) நிரப்பாத ரைபிளைப் பயிற்சியாளர் முன்னிலையில் குழந்தையின் தோளில் பொருத்தி, அரை நிமிடம் இலக்கை நோக்கி நிற்கச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். குழல் முனை மெல்லத் தாழ்ந்துகொண்டே போனாலோ, அதை ஈடுகட்டக் குழந்தை அளவுக்கு மீறிப் பின்னால் வளைந்தாலோ, அந்த ரைபிள் கனமானது அல்லது அதன் எடை முன்பக்கமாகக் கூடியிருக்கிறது.

அடுத்தது, விசைக்கும் (டிரிக்கர்) தோளில் பதியும் பின்தகட்டுக்கும் இடையிலான நீளம். அது அதிகமானால் குழந்தை தலையை முன்னே நீட்டி, கழுத்தை இறுக்கிக்கொள்ளும்; சுட்டுவிரலும் விசையை நுனியால் மட்டுமே எட்டும். தலை ஏறக்குறைய நேராக நிற்க, கன்னம் தானாகக் கன்னத்தாங்கியில் பதிந்து, கண் பின்பார்வைத் துளைக்கு (குறிபார்க்க ரைபிளின் பின்பக்கம் உள்ள சிறு துளை) நேரே வர வேண்டும். குழந்தை வளர்ந்துகொண்டே இருப்பதால், பின்தகடும் கன்னத்தாங்கியும் ஏற்றி இறக்கவும் நீட்டவும் கூடியவையாக இருப்பது அவசியம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வேறு எதில் குறைத்தாலும் இதில் குறைக்க வேண்டாம்.

எந்தக் கண் ஆதிக்கம் செலுத்துகிறது என்பதையும் வாங்கும் முன்பே அறிய வேண்டும். இரு கைகளாலும் சிறு துளை அமைத்துத் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, கண்களை ஒவ்வொன்றாக மூடச் செய்தால், பொருள் எந்தக் கண்ணுக்கு மறையாமல் நிற்கிறதோ அதுவே ஆதிக்கக் கண். இடது கண் என்றால், இடக்கைப் பிடியுள்ள ரைபிளைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசுங்கள்.

இயங்கும் முறையைப் பொறுத்தவரை, சுருள்வில் ரைபிள் விலை குறைவு. ஆனால் அதை மடக்கி ஏற்றப் பலம் வேண்டும், சுடும்போது வில்லின் அதிர்வும் குறியைக் கலைக்கும். முன்கூட்டியே அழுத்திய காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடும் வகையில் இவ்விரு தொல்லைகளும் இல்லை என்பதால், முடிந்தால் அதையே வாங்குங்கள். சிலிண்டரில் வழக்கமாக 200 பார் (bar, அழுத்தத்தின் அலகு) அழுத்தம் இருக்கும். அதை நிரப்புவது பெரியவர்களின் வேலை. பழைய ரைபிள் வாங்குவதில் தவறில்லை, ஆனால் சிலிண்டரில் பொறித்துள்ள தேதியைப் பார்த்து, காலாவதியாகியிருந்தால் புதிய சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பெல்லட் 4.5 மில்லிமீட்டர், தட்டைத் தலை கொண்டது. அட்டையில் அது வட்டமான தெளிவான துளையிடும். பெரும்பாலானவை ஈயத்தால் ஆனவை என்பதால், பயிற்சி முடிந்ததும் சாப்பிடும் முன் குழந்தை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஏர் ரைபிள் வைத்திருப்பதற்கான வயது வரம்பும் உரிம விதிகளும் இடத்துக்கு இடம் மாறுவதால், முன்பணம் கட்டும் முன்பே அவற்றை விசாரித்துவிடுங்கள். ரைபிள் யாருடைய பயன்பாட்டுக்கானாலும் பொறுப்பு பெரியவருடையதே: வீட்டில் அதைப் பூட்டிய பெட்டியிலும், பெல்லட்டுகளை வேறொரு பூட்டிய இடத்திலும் வைத்து, இரண்டின் சாவிகளையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.