கச்சானுக்கு முன் மாடிச் சாடிகளுக்குச் சொட்டுநீர்

திருகோணமலையில் கச்சான் எனும் வரண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால், காலையில் ஊற்றிய தண்ணீர் மாடிச் சாடியில் பின்னேரம்வரை நிற்காது. 12 அங்குலச் சாடியில் காய்க்கிற தக்காளியோ கத்தரியோ அந்த நாட்களில் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை குடிக்கும். 20 சாடிக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் என்று கணக்கு வையுங்கள். 200 லீற்றர்ப் பரல் ஒன்று ஐந்து நாளைக்குக் காணும்.

நிரம்பிய பரல் 200 கிலோவுக்கு மேல் பாரம். அதை மாடித் தட்டின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ தூணோ உள்ள இடத்துக்கு நேர்மேலே, சீமெந்துக் கல் அடுக்கி மூன்றடி உயரத்தில் ஆடாமல் இருத்துங்கள். இந்த உயரத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. பரல் பாதியாக இருக்கும்போது நீர்மட்டம் சாடியின் வாயைவிட ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் நிற்கும். அதன் அழுத்தம் வெறும் 0.1 பார். சொட்டியில் (குழாய்த் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சாடிக்கு விடும் சிறு முனை) ‘4 லீற்றர்’ என்று போட்டிருப்பது 1 பார் அழுத்தத்தில் ஒரு மணிக்கான கணக்கு. பரல் தண்ணீரில் அதே சொட்டி மணிக்கு ஒன்றேகால் லீற்றர்தான் விடும்.

பலர் காசை வீணாக்குவது இங்கேதான். அழுத்தத்தைத் தானே சீராக்கும் விலைகூடிய சொட்டிகள் இந்தக் குறைந்த அழுத்தத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. சாதாரண, கழற்றிக் கழுவக்கூடிய சொட்டியே போதும். பற்றரி டைமரிலும் கவனம் வேண்டும். காந்த வால்வு உள்ளவை பலவற்றுக்குக் குழாய் அழுத்தம் தேவை. உள்ளே பந்து வால்வு சுழல்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பரலின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே துளை போட்டால் மண்டி குழாய்க்குள் வராது. அங்கே வாசரோடு நிப்பிள், பிறகு வால்வு, 120 மெஷ் வடி (அங்குலத்துக்கு 120 கண் உள்ள வலை), டைமர், அதிலிருந்து 16 மில்லிமீற்றர்க் கறுப்புக் குழாய். வெள்ளைக் குழாயில் வெயில் பட்டுப் பாசி பிடிக்கும். குழாய் முனையை அரை நிமிடம் சுடுதண்ணீரில் பிடித்தால் இணைப்பு இலகுவாக ஏறும். குழாயில் துளையை அதற்கான ‘பஞ்ச்’ கருவியால் மட்டும் போடுங்கள். ஆணி குத்திய துளை கிழிந்து ஒழுகும். பெரிய குழாயை மட்டமாக ஓட்டி, 4 மில்லிமீற்றர்ச் சிறு குழாயால் ஒவ்வொரு சாடிக்கும் கிளை எடுங்கள். சரிவாக ஓடினால், வால்வை மூடிய பின்னும் கீழ்ச் சாடிக்கே தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும். சொட்டிகளைப் பூட்டுமுன் கடைசி முனையைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் துகள் போகும்வரை ஓடவிடுங்கள்.

அகன்ற சாடிக்கு எதிரெதிராக இரண்டு சொட்டி வையுங்கள். மணல் கூடிய மண்ணில் தண்ணீர் ஊசிபோல நேரே கீழே இறங்கிவிடும்; தும்புச்சோறு கலந்தால் பக்கமாகப் பரவும். ஆனால் தும்புச்சோறு ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் சுருங்கிச் சாடியின் ஓரத்தைவிட்டு விலகிவிடும். பிறகு விடுகிற தண்ணீர் முழுவதும் அந்த இடைவெளியால் ஓடும்.

சொட்டியின் கீழ் ஒரு கோப்பையை ஆறு நிமிடம் வைத்து, வந்ததைப் பத்தால் பெருக்குங்கள், மணிக்கணக்கு கிடைக்கும். முதல் சாடியையும் கடைசிச் சாடியையும் அளக்க வேண்டும். ஒன்றேகால் லீற்றர் வந்தால், விடிய ஐந்தரைக்கு 45 நிமிடம், பின்னேரம் ஆறுக்கு 45 நிமிடம். நடுப்பகலில் விடவேண்டாம், கறுப்புக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் கொதித்துப்போய் இருக்கும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட உள்ள கிணறு உவரென்றால், மண்ணில் ஈரம் முடிகிற இடத்தில் வெள்ளை வளையம் படியும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அடித்துளையால் நன்றாக வடியும்வரை கையால் ஊற்றிக் கழுவுங்கள். அடைத்த சொட்டியை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும்.

பரலின் வாயை நுளம்பு புகாத வலையால் கட்டுங்கள். சாடித் தட்டில் தண்ணீர் நிற்கவிடவேண்டாம். கச்சான் முடிந்து ஐப்பசியில் விழும் முதல் தூறலுக்கு உடனே வால்வை மூடவும் வேண்டாம். சிறு தூறல் மேலே படிந்த உப்பை வேருக்கு இறக்கிவிடும். பெருமழை பெய்து சாடிகள் அடியால் ஒழுகிய பிறகு மூடி, டைமரின் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.