எலும்பு கூடும் வரை: அடிபட்ட நாயைக் கூண்டு ஓய்வில் பார்த்துக்கொள்வது எப்படி

கால் உடைந்த நாய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, 'ஆறு முதல் எட்டு வாரம் கூண்டு ஓய்வு' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால், மீதிப் பொறுப்பு முழுக்க அதைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்ப்பவருடையது. முதல் வாரம்தான் கஷ்டம் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் ஆபத்து அதிகமாவது இரண்டாம் வாரம் முடியும்போதுதான். வலி குறைந்திருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், நாய் காலை ஊன்றவும் தொடங்கியிருக்கும். முறிந்த இடத்தில் அப்போது உருவாகியிருப்பதோ மெத்தென்ற திசு மட்டுமே. அது கெட்டி எலும்பாக மாற இன்னும் பல வாரம் ஆகும். அதற்குள் சோபாவிலிருந்து ஒரே ஒரு முறை குதித்தால் போதும், பொருத்திய தகடு வளையலாம், திருகு கழன்றுகொள்ளலாம், மறுபடி அறுவை சிகிச்சை வரை போகலாம். நாய் துள்ளுகிறதே என்று கூண்டைத் திறந்துவிடாதீர்கள். எலும்பு கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும்.

நாயை அழைத்து வருவதற்கு முன்பே, மீட்டவர்களிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எந்த எலும்பில் என்ன காயம், காலை ஊன்றலாமா, தையல் எப்போது பிரிப்பது, அடுத்த எக்ஸ்ரே எந்தத் தேதி, நள்ளிரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது, செலவுக்கு ஒப்புதல் தருவது யார். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இரவு இரண்டு மணிக்குப் பதில் தேவைப்படுவது இதற்குத்தான்.

கூண்டு

நாய் தலை குனியாமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். பெரிதாக இருந்தால் உள்ளேயே தாவும். தையலைக் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு வடிவக் காப்பு மாட்டியிருந்தால் அந்த அகலத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு, அதன் மேல் 5 செ.மீ. தடிமனில் நீர் புகாத உறை போட்ட ஃபோம் மெத்தை, மேலே துவைக்கக்கூடிய துணி. புசுபுசு மெத்தை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எழும்போது கால் புதைந்து திருகிக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் மாட்டிவிடுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே விடுங்கள், கம்பியில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

அதுவரை நான்கு சுவருக்குள் இருந்தே பழகாத நாயாக இருந்தால், கூண்டைப் பார்த்து மிரளும். பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தினால் பயம் நிலைத்துவிடும். வாரை மாட்டியபடி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டை உள்ளே வையுங்கள். அது சாப்பிடும் நேரம் மட்டும் கதவைச் சாத்தித் திறங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீட்டுங்கள். கூண்டின் இரண்டு பக்கங்களைத் துணியால் மூடி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வைத்தால் பாதிப் பதற்றம் தணியும். லேசான முனகல் சகஜம். எச்சில் வழிய வழியக் கம்பியைக் கடிப்பதும் விடாமல் பிறாண்டுவதும் வேறு. அந்த நிலையில் கூண்டே எலும்புக்குக் கெடுதல். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். தணிப்பு மருந்து கொடுப்பதா, மேசை நாற்காலி எதுவும் இல்லாத, தரை வழுக்காத சின்ன அறைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

கதவு திறக்கும் நொடி

கூண்டு ஓய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த நொடியில்தான். நாய் வெளியே வரத் துடிக்கும், நீங்கள் தாழ்ப்பாளை நீக்குவீர்கள், அது ஒரே பாய்ச்சலில் வெளியே வந்துவிடும். இதைத் தடுக்க, கூண்டு முன் மண்டியிட்டு, முழங்காலால் கதவைத் தாங்கிக்கொண்டு, கை நுழையும் அளவு மட்டும் திறங்கள். மார்புப்பட்டையில் வார் மாட்டிய பிறகு முழுக்கத் திறங்கள். நாய் எழுந்து குதித்தால் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருங்கள். நான்கைந்து நாளில், அமைதியாக இருந்தால்தான் கதவு திறக்கும் என்று அதற்குப் புரிந்துவிடும்.

வெளியே போவது கழிவுக்கு மட்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். வார் 1.5 மீட்டருக்கு மேல் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும் வகை வேண்டவே வேண்டாம். கூண்டிலிருந்து வாசல்வரை வழுக்காத விரிப்புப் போடுங்கள். படிக்கட்டு இருந்தால் தூக்கித்தான் செல்ல வேண்டும்: ஒரு கை மார்புக்கு முன்னால், மறு கை பின்தொடைகளுக்குப் பின்னால், நாயின் முதுகு வளையாமல். பின்கால் பலவீனமாக இருந்தால் நீளமான துண்டை மடித்து அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தாங்குங்கள். பாரத்தில் ஒரு பகுதியை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டால் போதும், நாயை அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. ஆண் நாய்க்குத் துண்டு சிறுநீர் வரும் இடத்தை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழுத்தினால் போகாமல் அடக்கிவிடும்.

24 மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் உடனே அழையுங்கள். இடுப்பு எலும்போ முதுகோ அடிபட்ட நாய்க்குப் படுக்கையில் சொட்டுச் சொட்டாக நனைந்தால், 'சிறுநீர் போகிறதே' என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். மயக்க மருந்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மலம் வராமல் இருப்பது வழக்கம்தான். அதற்கு மேல் போனாலோ, முக்கி முக்கியும் வராவிட்டாலோ மருத்துவரிடம் கேளுங்கள்.

கட்டும் தையலும்

கட்டின் கீழே தெரியும் விரல்களைக் காலையும் மாலையும் பாருங்கள். நடு விரல்கள் இரண்டின் நகங்களும் அருகருகே இருக்க வேண்டும். அவை விலகி விரிந்திருந்தால் பாதம் உள்ளே வீங்குகிறது, கட்டு இறுக்கம் என்று அர்த்தம். விரல் சில்லென்று இருந்தாலும், கட்டு கீழே நழுவினாலும், நனைந்தாலும், வாடை வந்தாலும், அதுவரை சும்மா இருந்த நாய் திடீரென்று கட்டையே கடிக்க ஆரம்பித்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். இறுகிய கட்டு சில மணி நேரத்திலேயே தோலையும் சதையையும் கெடுத்துவிடும். ஈரத் தரையில் போகும்போது பிளாஸ்டிக் உறை மாட்டுங்கள், உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் வியர்த்து, கட்டு உள்ளிருந்தே நனையும்.

தையலைத் தினமும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் படத்தில்தான் தெரியும். முதல் இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பு இருக்கலாம். சீழ், இடைவெளி, கூடிக்கொண்டே போகும் வீக்கம் கூடாது. தையல் பிரிக்கும்வரை, அதாவது பொதுவாக 10 முதல் 14 நாள், கூம்பு கழுத்திலேயே இருக்கட்டும். பாவமாக இருக்கிறது என்று பத்து நிமிடம் கழற்றுவதற்குள் நாய் தையலைப் பிய்த்துவிடும். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருந்தால்தான் பயன்.

மருந்தும் உணவும்

மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் கூடாது. இபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாரசிட்டமால் கல்லீரலையும் ரத்தத்தையும் பாதிக்கும். மருத்துவர் மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்ற வலி மருந்துகளைத் தந்திருந்தால் உணவோடு கொடுங்கள். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அழையுங்கள். நாய் நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். அது நன்றாக இருப்பதே மருந்தால்தான்.

எலும்பும் தோலுமாக வந்த நாய்க்கு உணவைக் குறைக்கக் கூடாது, அளவை மருத்துவர் சொல்வார். சரியான எடையில் இருக்கும் நாய்க்கு வழக்கத்தில் கால் பங்கு வரை குறைக்க வேண்டிவரும். கூடும் ஒவ்வொரு கிலோவும் அந்தக் காலின் மேல்தான் ஏறும்.

சலிப்பு

மூன்றாம் வாரத்தில் நாய் குரைக்கும், துணியைக் கிழிக்கும். உடம்புக்கு ஓய்வு கொடுத்தோம், மூளைக்கு வேலை கொடுக்கவில்லை என்பதே காரணம். கிண்ணத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள். ஒரு வேளை உணவை நக்கு விரிப்பில் தடவிக் கொடுங்கள், இன்னொரு வேளையை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறையவைத்துக் கொடுங்கள். படுத்தபடியே கற்கக்கூடியதைக் கற்றுக்கொடுங்கள்: உங்கள் உள்ளங்கையை மூக்கால் தொடுவது, தாடையைத் துண்டின் மேல் வைத்து அசையாமல் இருப்பது. இரண்டாவது பழகிவிட்டால் கட்டு மாற்றும்போது யாரும் பிடித்து அமுக்க வேண்டியிருக்காது. மூன்று நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு நான்கு முறை போதும்.

வலியில் எந்த நாயும் கடிக்கும். கூடை வடிவ வாய்க்கட்டை, உள்ளே தின்பண்டம் தடவி, தேவைப்படுவதற்கு முன்பே பழக்குங்கள். கடி பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, சின்னக் கீறலானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் முதல் 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், புது நாயைத் தொட்ட பிறகு கை கழுவுதல்.

எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சரி சொன்ன பிறகும் கதவைத் திறந்து ஓடவிடக் கூடாது. காலில் தசை வற்றியிருக்கும். சமதரையில் வாரோடு ஐந்து நிமிட நடை, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுவது என்று தொடங்குங்கள். மறுநாள் நொண்டினால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். தத்தெடுப்பவர் வரும்போது எக்ஸ்ரே படங்கள், மருந்து நேரக் குறிப்பு, அதற்குத் தெரிந்த சொற்களின் பட்டியல் மூன்றையும் கொடுங்கள். கூண்டுத் துணியையும் துவைக்காமலே அனுப்புங்கள். புது வீட்டின் முதல் இரவில் அதற்குப் பழகிய வாசனை அது ஒன்றுதான்.