புரட்டாசிக்கு டெம்பே: பள்ளிபாளையம் வறுவல்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஈரோட்டுப் பக்கம் நிறைய வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். மீல்மேக்கர் சலித்துப்போனவர்களுக்கு டெம்பேதான் என் சிபாரிசு. இது ஜாவாக்காரர்களின் பண்டம். வேகவைத்த சோயாவில் ரைசோபஸ் என்ற பூஞ்சை வளர்ந்து, பருப்புகளைக் கட்டியாகப் பின்னிவிடும். 100 கிராமில் சுமார் 19 கிராம் புரதம். காளானில் 3 கிராம் தேறினாலே அதிகம். காளான் ருசிக்குச் சரி, கறிக்கு ஈடாகாது.

அரை கிலோ சோயாவை இரவே ஊறவைத்து, பிசைந்து தோலைக் கழியுங்கள். மெத்தென்று வேகட்டும், குழைய வேண்டாம். இறக்கும்போது தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு வடித்துவிடுங்கள்.

சோயா கெட்டுப்போவது பெரும்பாலும் இனிமேல்தான். பருப்பின் மேல் ஈரம் நின்றால் பூஞ்சையை முந்திக்கொண்டு பாக்டீரியா ஏறிவிடும். மறுநாள் கொழகொழவென்று நாறும். வெள்ளை வேட்டியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் போடுங்கள், நடுவில் கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உள்ளங்கையில் ஈரம் மினுங்கக் கூடாது. அடுப்பில் புரட்டியும் உலர்த்தலாம், ஆனால் அடிப்பிடிக்கும். எனக்கு ஃபேன்தான்.

நன்றாக ஆறியதும் ஒரு தேக்கரண்டி டெம்பே ஸ்டார்ட்டர் (அந்தப் பூஞ்சையின் வித்துப் பொடி, ஆன்லைனில் கிடைக்கும்) கலந்து, வாட்டிய வாழை இலையில் இரண்டு விரற்கடை கனத்துக்குக் கட்டுங்கள். துளையிட்ட பிளாஸ்டிக் பையும் ஆகும். இலையில் வரும் வாசம் அதில் வராது. 30 டிகிரிதான் தேவை, நம்மூர்ச் சூடே போதும். பாதி நாள் போனால் அதுவே சூடு கிளப்பும், அப்போது மூடி வைக்காதீர்கள். 24 முதல் 36 மணி நேரத்தில் வெள்ளைக் கட்டி தயார்.

அப்புறம் வறுவல், ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையத்தில் கோழிக்குச் செய்யும் பாணியில். பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் லேசான கசப்பு போகும். துண்டு போட்டு, இரும்பு வடச்சட்டியில் கடலை எண்ணெய் விட்டுச் சிவக்க வறுத்துத் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் விதை உதறிய வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைக் கடைசியில் டெம்பேயோடு சேர்த்துப் புரட்டுங்கள். மசாலாப் பொடி போட்டால் அது பள்ளிபாளையம் இல்லை.

பின்சேர்க்கை: கறுப்புப் புள்ளி வந்தால் தூக்கி எறிய வேண்டுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காற்றுப் படும் இடத்தில் சாம்பலோ கறுப்போ தெரிந்தால் அது பூஞ்சையின் வித்து, சாப்பிடலாம். பச்சை, இளஞ்சிவப்பு, பிசுபிசுப்பு, அழுகல் நாற்றம், இதில் எது இருந்தாலும் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.