கார்த்திகை 27: புல்லு வெட்டுறதிலை இருந்து வாங்கு போடுற வரைக்கும்

முதல்லை ஒண்டு. மாவீரர் நாளுக்கெண்டு துயிலுமில்லத்தை, சண்டையிலை செத்த போராளியளைப் புதைச்ச காணியை, துப்பரவாக்க வாறவை புல்லு வெட்டிக் குவிச்சாப் பிறகு அதுக்கு நெருப்பு வைக்காதேங்கோ. எங்கடை மண்ணுக்கை வெடிக்காத குண்டு, மிதிவெடி எண்டு இன்னும் என்னென்ன கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வன்னியிலை குப்பை கொளுத்தப்போய்க் காயப்பட்ட சனம் இருக்கு. வெட்டின புல்லை வேலிக்கரையிலை இழுத்துப் போட்டு விடுங்கோ, மாரி மழைக்குத் தானா உக்கிப்போகும். மண்வெட்டியிலை இரும்பு மாதிரி ஏதும் தட்டுப்பட்டா நோண்டிப் பாக்க வேண்டாம். தள்ளி ஒரு தடியை நட்டுச் சீலைத்துண்டைக் கட்டிப்போட்டு விதானையாருக்கு, கிராம அலுவலருக்கு, சொல்லுங்கோ.

நான் விசுவமடு. வெளிநாட்டிலை பிறந்த என்ரை பெறாமகள் இந்தமுறை நவம்பர் 27க்கு வாறாவாம். நாங்கள் கார்த்திகை எண்டுறது நவம்பரைத்தான். "சித்தி, நான் என்ன கொண்டு வரவேணும், எங்கை நிக்கவேணும்?" எண்டு வாட்ஸ்அப்பிலை கேட்டவ. அவவுக்குச் சொல்ல வெளிக்கிட்டது நீண்டு போச்சு. இன்னும் ஆராவது முதல்தரம் வாறவையா இருந்தா அவைக்கும் உதவட்டும்.

அண்ணா 2000ஆம் ஆண்டு சித்திரையிலை, ஆனையிறவுச் சண்டையிலை போனவர். இவர், என்ரை மனுசன், 2008 கடைசியிலை கிளிநொச்சிப் பக்கம் இடது காலை முழங்காலுக்குக் கீழை விட்டிட்டு வந்தவர். அதாலை எங்கடை வீட்டிலை அந்த நாளுக்கு இரண்டு கணக்கு. போனவருக்கு ஒண்டு, இருக்கிறவருக்கு ஒண்டு. முதல் கணக்கு எல்லாருக்கும் தெரியும். மற்றதைத்தான் ஆரும் எழுதிறேல்லை.

27 ஏனெண்டு பெறாமகள் கேட்டவ. 1982 நவம்பர் 27 இயக்கத்திலை, விடுதலைப் புலியளிலை, முதல் ஆளாச் சங்கர் செத்த நாள். 1989இலை இருந்து அதை எல்லாருக்கும் பொதுநாளாக்கினவை. 21ஆம் திகதி கிழமை தொடங்கும், 27 பின்னேரத்தோடை முடியும்.

துப்பரவாக்கிற வேலையை நவம்பர் முதல் கிழமையே தொடங்கிப்போடுங்கோ. மழை இறுக்கிப் பிடிச்சிட்டா மண்வெட்டி இழுபடாது, 2024இலை கடைசிக் கிழமை வெள்ளத்துக்கை நிண்டு பட்ட பாடு காணும். காட்டுக்கத்தி, மண்வெட்டி, அலவாங்கு, ஆளுக்கொரு தண்ணிப் போத்தல். புல்லு வெட்டுற மிசின் இருந்தா நல்லது, ஆனா கல்லுத்துண்டுகள் தெறிக்கும், கண்ணாடி போடாமல் பிடிக்க வேண்டாம். செருப்போடை வராதேங்கோ, சப்பாத்துப் போடுங்கோ. பார்த்தீனியத்துக்கு உடம்பு கடிக்கும், பத்தைக்குள்ளை புடையன் படுத்திருக்கும்.

2009க்குப் பிறகு வந்தவைக்கு ஒண்டு விளங்கப்படுத்த வேணும். முந்தி இஞ்சை கல்லறையும் இருந்தது, நடுகல்லும் இருந்தது. உடல் உள்ளுக்கை இருந்தாக் கல்லறை. உடல் கிடைக்காமல் பேரை மட்டும் வைச்சா நடுகல். ஆமி எல்லாத்தையும் புல்டோசராலை இடிச்சுத் தள்ளினாப் பிறகு எது எதெண்டு பிரிக்க ஏலாது. கோப்பாயிலை அந்தக் காணிக்குள்ளையே படைமுகாம் கட்டினவை. எங்களுக்கு நிலமாவது மிச்சம். 2016இலை முதல்தரம் உள்ளுக்கை போனபோது உடைஞ்ச சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கி நடுவிலை ஒரு குவியலாக்கினம். அதிலை ஒரு துண்டை நான்தான் எடுத்தனான். 19 எண்ட இரண்டு இலக்கம் மட்டும் தெரிஞ்சது, மிச்சம் உடைஞ்சு போச்சு. பிறந்த ஆண்டோ செத்த ஆண்டோ தெரியாது, 2000க்கு முதல் செத்தவைக்கு இரண்டும் 19இலை தொடங்கினதுதானே. அப்பிடித் துண்டு கண்டா ஒரு எழுத்து இருந்தாலும் எழுத்துப் பக்கம் மேலை தெரிய வையுங்கோ. தாய்மார் ஒவ்வொண்டாக் குனிஞ்சு பாத்துக்கொண்டு போவினம்.

எங்கடை அம்மா குவியலிலை தேடேல்லை. றோட்டு மதகிலை நிண்டு அடி எண்ணத் தொடங்கினவ. வாசல் இருந்த இடம் வரைக்கும் இத்தனை, பேந்து வலக்கைப் பக்கம், மூண்டாம் வரிசை. நடுவிலை ஆரோ ஒருத்தர் "அம்மா, இப்பிடி வாங்கோ, இஞ்சை நல்ல இடம் கிடக்கு" எண்டு கையைப் பிடிச்சதிலை எண்ணிக்கை பிசகிப் போச்சு. திரும்ப மதகுக்குப் போய் முதலிலை இருந்து எண்ணினவ. வெய்யில் வேறை. அதாலை சொல்லுறன், வயது போன மனிசி தனிய நடந்து திரிஞ்சா மறிச்சுக் கதை குடுக்காதேங்கோ. குடையைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை போங்கோ, காணும்.

பந்தம் கட்டிற வேலை என்ரை மனுசன்ரை. அதை இவரிட்டைக் கேட்டே எழுதிறன். மூண்டரை அடிக் கம்பி, நுனியிலை வெறும் பால்பேணி, அதுக்குள்ளை துணி. பழைய வேட்டி, சாரம் மாதிரிப் பருத்தித்துணிதான் வேணும். வெளிநாட்டிலை இருந்து வாற ரீசேட்டுகளை வெட்டித் தந்தவை ஒருக்கா. அது எரியேல்லை, உருகிச் சொட்டினது. ஒரு பிள்ளையின்ரை கையிலையும் பட்டுப்போச்சு. துணியை இறுக்கிச் சுத்திக் கட்டுக்கம்பியாலை இரண்டு இடத்திலை கட்டுங்கோ. தளர்வாச் சுத்தினா ஐஞ்சு நிமிசத்திலை எரிஞ்சு முடிஞ்சிடும். முதல்நாள் இரவே தேங்காயெண்ணெயிலை ஊறவிடவேணும், ஒரு பந்தத்துக்குக் கால்போத்தல் பிடிக்கும். மண்ணெண்ணெய் மட்டும் ஊத்தினாப் புகைதான், பக்கத்திலை நிண்டு அழுறவைக்கு இருமல் வரும். பத்த வைக்கிறதுக்கு மட்டும் நுனியிலை ஒரு சொட்டு. மழை வருமெண்டு தெரிஞ்சா ஒவ்வொரு பந்தத்துக்கும் ஒரு சொப்பிங் பையைக் கவிட்டுவிட்டு ஐஞ்சே முக்காலுக்குக் கழட்டுங்கோ. மெழுகுதிரி கொண்டு வாறவை சிரட்டையும் கொண்டு வாங்கோ. அதுக்குள்ளை வைச்சாத்தான் காத்துக்கு நிக்கும்.

பூவெண்டாக் கார்த்திகைப்பூ. அந்த நாளையிலை வேலியெல்லாம் படர்ந்து கிடக்கும். பூவை மட்டும் கிள்ளுங்கோ, கிழங்கோடை இழுக்காதேங்கோ. கிழங்கு நஞ்சு, சின்னப்பிள்ளையளிட்டைக் குடுத்து விட்டிடாதேங்கோ.

படம் கொண்டு வாறதெண்டா வீட்டுப் படம் கொண்டு வாங்கோ. இயக்கம் இஞ்சை தடைசெய்யப்பட்டது. கொடி, சின்னம், சீருடைப் படம் எண்டாப் பயங்கரவாதத் தடைச்சட்டத்திலை பிடிச்சுக்கொண்டு போகலாம், பிடிச்சும் இருக்கினம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடை வாறவை போட்டிட்டுப் பிளேன் ஏறிடுவினம், விசாரிக்கிறது இஞ்சை இருக்கிற எங்களை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லேல்லை. அம்மா கொண்டு வாறது அண்ணா ஓ-எல் சோதினை எடுக்கேக்கை வெள்ளைச் சேட்டோடை எடுத்த படம். கீழை இயக்கப் பேரை இல்லை, வீட்டுப் பேரைத்தான் எழுதினவ. "மற்றப் பேர் அவை வைச்சது, இது நான் வைச்சது" எண்டு சொன்னவ.

நேரத்தை ஒருக்காச் சொல்லிவிடுறன். 6.05க்கு மணி அடிக்கும், ஒரு நிமிசம். 6.06க்கு அகவணக்கம், எல்லாரும் பேசாமல் நிக்கிறது. 6.07க்குப் பொதுச்சுடர், அதோடை எல்லாரும் தங்கடை தங்கடை பந்தத்தைப் பத்த வைக்கிறது. பொதுச்சுடர் ஏத்திறது செத்த பிள்ளையின்ரை தாயோ தகப்பனோ கூடப்பிறந்ததோவா இருக்கவேணும். அரசியல்காரர் வந்தா வரட்டும், பின்னுக்கு நிக்கட்டும். இதிலை எனக்கு விட்டுக்குடுப்பு இல்லை. 6 மணிக்கு முதல் போனை சைலண்டிலை போடுங்கோ.

ஆனா எல்லார் கையிலையும் விளக்கைக் குடுத்திடாதேங்கோ. இது நான் பிழைவிட்டுப் பழகினது. முதல் வருசம் பக்கத்துவீட்டு அக்காவிட்டை ஒரு சிட்டி விளக்கை நீட்டினன். அவ கையைப் பின்னாலை கட்டிக்கொண்டா. அவவின்ரை மகளை 2009 மாசியிலை வீட்டிலை வந்து இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போனவை, எங்கடை ஆக்கள்தான். மகள் வைகாசியிலை வட்டுவாகலிலை ஆமியிட்டைச் சரணடைஞ்சதைக் கண்ட சனம் இருக்கு. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. விளக்கு வைச்சாச் செத்தது எண்டு தாயே ஒப்புக்கொண்ட மாதிரி. கிளிநொச்சியிலை கந்தசாமி கோயிலுக்கு முன்னாலை 2017 பெப்ரவரி 20இலை, காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுக் குந்தின தாய்மாரிலை அவவும் ஒராள். இப்ப அவ வருவா, என்ரை பக்கத்திலை நிப்பா, நான் ஏத்திறதைப் பாப்பா. பின்னேரம் தேத்தண்ணி ஊத்திற வேலையை அவதான் கேட்டு எடுத்தவ. விளக்கு மேசையிலை இருக்கட்டும், வேணுமெண்டவை எடுக்கட்டும்.

மற்றத் தமிழ் இயக்கங்களிலை இருந்து 1986இலை எங்கடை ஆக்களின்ரை கையாலையே செத்த பிள்ளையளுக்கும் இந்த ஊரிலை தாய்மார் இருக்கினம். அவை வரமாட்டினம். 6.07க்கு அவை வீட்டுப் படியிலையும் ஒரு விளக்கெரியும். அதைக் கண்டா, கண்டமாதிரிக் காட்டாமல் போங்கோ.

இனி மற்றக் கணக்கு. 2016இலை நான் உள்ளுக்கை நிக்கேக்கை இவர் வெளியிலை பூவரசுக்குக் கீழை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். கூப்பிட்டன். "உயிரோடை இருக்கிறவனுக்கு உள்ளுக்கை என்ன வேலை" எண்டார். திரும்பிப் பாத்தா அந்த மரத்துக்குக் கீழை இவர் மட்டும் இல்லை, ஏழெட்டுப் பேர். ஒருத்தருக்குக் கையில்லை, ஒருத்தருக்குக் கண், ஒருத்தர் முள்ளந்தண்டிலை பட்டு வீல்செயாரிலை. சண்டை முடிஞ்சு அரசாங்கத்தின்ரை புனர்வாழ்வு முகாமுக்கு 12,000 பேரளவிலை போய்வந்தவை எல்லாரும் எங்கை எண்டு கேட்டா, அந்த நாளிலை கன பேர் இப்பிடி ஒரு மரத்துக்குக் கீழைதான்.

அவையை மேடையிலை ஏத்திப் பொன்னாடை போத்தி மரியாதை செய்ய ஒரு அமைப்பு வெளிக்கிட்டது. ஒருத்தரும் வரேல்லை. வருவினமே? மைக்கிலை பேரைச் சொன்னா அடுத்த கிழமை வீட்டு வாசலிலை ஆர் வந்து நிப்பினமெண்டு அவைக்குத் தெரியும். நான் செய்தது வேறை. அடுத்த வருசம் இவரிட்டை, "பந்தம் ஒண்டும் சரியா எரியேல்லை, பெடியளுக்குக் கட்டத் தெரியேல்லை" எண்டு சொன்னன். உண்மையும் அதுதான். இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூண்டாம் நாள் விறாந்தையிலை கம்பியை அடுக்கி வைச்சுக்கொண்டு, "பழைய சாரம் இருக்கோ?" எண்டு கேட்டார். அந்த 27 அவர் உள்ளுக்கை வந்தது அஞ்சலி செய்ய இல்லை, எண்ணெய் வாளியைத் தூக்கிக்கொண்டு. இப்ப மரத்தடி ஆக்களிலை ஐஞ்சு பேர் எங்கடை விறாந்தையிலை இருந்து துணி சுத்துகினம்.

அதாலை வேலையைக் குடுங்கோ. அதோடை போய்வாற வழியையும் செய்து வையுங்கோ. மழையிலை கிரவல் பாதையிலை வீல்செயார் சில்லு புதையும். பலகை இல்லாட்டி பனங்குத்தியை நீட்டாப் போட்டு மேலை கிரவலை இறுக்குங்கோ, வாசலிலை இருந்து வரிசை வரைக்கும். வீல்செயாரைக் கேக்காமல் பின்னாலை பிடிச்சுத் தள்ளாதேங்கோ. பொய்க்காலோடை வாறவைக்கு முதுகு சாயக்கூடிய வாங்கு வேணும், சேத்திலை நிண்டாக் காலுக்குள்ளை தண்ணி போய்த் தோல் உரியும். இவர் அண்டிரவு பொய்க்காலைக் கழட்டினா நான் பாக்கிறது முதல்லை அந்த அடித்தோலைத்தான். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவை கனநேரம் ஒரே இருப்பு இருக்க ஏலாது, படுக்கைப்புண் வந்திடும். 4 மணிக்கே கொண்டுவந்து இருத்தி வைக்காதேங்கோ, ஐஞ்சரைக்குக் காணும். சில்லோடை உள்ளுக்கை போகக்கூடிய கக்கூஸ் ஒண்டு பக்கத்துவீட்டிலையாவது சொல்லி வையுங்கோ.

இயக்கத்திலை இருந்த பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றித் தனியச் சொல்லவேணும். தலைமயிரை வளத்து, சீலை உடுத்து, பிள்ளையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு சனத்தோடை சனமா நிப்பினம். சிலபேற்றை மாமி வீட்டாருக்கே தெரியாது. "நீங்களும் இருந்தனீங்கள்தானே?" எண்டு கேக்காதேங்கோ. எந்தச் சண்டை, எங்கை காயம் எண்டு ஆரிட்டையும் கேக்காதேங்கோ. அவை தாங்களாச் சொன்னாக் கேளுங்கோ. முகம் தெரியப் படம் எடுத்துப் பேஸ்புக்கிலை போடாதேங்கோ. காசு குடுத்தவைக்குக் கணக்குக் காட்டப் படம் வேணுமெண்டா, வாங்கின எண்ணெய் ரின்னைப் படமெடுத்து அனுப்புங்கோ.

பெற்றோருக்கு மரக்கண்டு குடுக்கிற வழக்கம் நல்ல வழக்கம், மழைக்காலத்திலை பிழைக்கும். ஆனா எழுபது வயது மனிசிக்குத் தென்னங்கண்டு குடுத்து என்ன பலன்? ஆனிக் கோடையிலை ஆர் தண்ணி ஊத்துறது? தப்பினாலும் யானை வந்து குருத்தோடை இழுத்துப்போடும். தேசிக்கண்டு குடுங்கோ, யானை அதிலை வாய் வைக்காது. அம்மாவின்ரை மரம் இப்ப காய்க்குது.

28ஆம் திகதி காலமை ஒரு பத்துப்பேராவது வரவேணும். 27க்கு ஆயிரம் பேர் வருவினம், மற்றநாள் ஒருத்தரும் இல்லை. சொப்பிங் பை, மெழுகு, வெறும் போத்தல் எல்லாம் பொறுக்கி, பந்தக் கம்பியளைப் பிடுங்கி எண்ணவேணும். போனமுறை 140 நட்டு 137தான் கிடைச்சது, இவர் இன்னும் அந்த மூண்டையும் பற்றிக் கதைக்கிறார். சாம்பலைத் தட்டி, கழிவு ஒயில் பூசி, யூரியாப் பையிலை சுத்தி எங்கடை வீட்டுப் பரணிலை கிடக்கு. பெறாமகள் வரேக்கை துணி ஒண்டும் கொண்டு வர வேண்டாம். கட்டுக்கம்பி இரண்டு கிலோ வேணும், அதைப் புதுக்குடியிருப்பிலையே வாங்கலாம்.