மனுவோடு புறப்படும் முன்: உள்ளூராட்சி மன்றத்தை அணுகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு, பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றாக எண்ணுவதாகும். பிரதேச செயலாளர் மத்திய அரசாங்கத்தின் நிர்வாக அதிகாரி. கிராம உத்தியோகத்தர் அவருக்குக் கீழே பணியாற்றுகிறார். பிரதேச சபையோ நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் மன்றம். வாழைச்சேனையில் இரண்டுமே கோறளைப்பற்று என்ற பெயரைத் தாங்கி நிற்பதால் குழப்பம் இயல்பானதே. நகரத்துக்குள் வந்தாலோ, மண்முனை வடக்குப் பிரதேச செயலகம் உண்டு; அந்தப் பெயரில் பிரதேச சபை கிடையாது, ஏனெனில் அது மாநகர சபையின் எல்லை. அகற்றப்படாத குப்பைக்கும் எரியாத வீதி விளக்குக்கும் கிராம உத்தியோகத்தரிடம் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை.

வீதியைப் பொறுத்தவரை, குழி யாருடைய வீதியில் விழுந்திருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி ஊடாகச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அதற்காக மாநகர முதல்வரையோ தவிசாளரையோ திட்டுவது வீண். உள்ளூர் ஒழுங்கைகளே பெரும்பாலும் சபையின் பொறுப்பு. பழைய காணி உறுதிகளில் எல்லையாகக் குறிக்கப்படும் ‘வி.சி. வீதி’ என்பது கிராம சபையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கிய, அச்சபைக் காலத்து வீதி. கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் ஒழிக்கப்பட்டு, பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பிரதேச சபைகள் வந்தன. ஆகவே அவ்வீதி இன்று எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். மாநகர சபைகளுக்கான கட்டளைச் சட்டம் 1865இலேயே பிறந்துவிட்டபோதிலும், மட்டக்களப்பு அந்தத் தகுதியைப் பெற்றது 1967இல்தான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

சபையின் மாதாந்த அமர்வைப் பொதுமக்கள் பார்வையிடலாம். ஆனால் பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்து பேச முடியாது. இதை அறியாமல் கூட்டமாகச் சென்று, வாய் திறக்க முடியாமல் கோபத்தோடு திரும்புவோர் உண்டு. விடயத்தை முன்கூட்டியே ஓர் உறுப்பினரிடம் கையளித்து, அவர் மூலம் பிரேரணையாகக் கொண்டுவரச் செய்வதே முறை. வட்டார உறுப்பினர் அசட்டையாக இருந்தால் அத்துடன் கதவு மூடிவிடுவதில்லை. இப்போதைய கலப்புத் தேர்தல் முறையில் சுமார் 60 சதவீதமானோரே வட்டாரத்தால் தெரிவாகின்றனர், ஏனையோர் பட்டியல் வழியாக வருகின்றனர். அவர்களிடமும் கேட்கலாம்.

வாய்மொழி முறைப்பாடு ஒரு முறைப்பாடே அல்ல என்பது என் கருத்து. ‘எங்கள் வீதியில் விளக்கு எரியவில்லை’ என்று எழுதினாலும் போதாது. வீதியின் பெயர், வட்டாரம், மின்கம்பத்தில் எழுதப்பட்டிருக்கும் இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கையிலுள்ள பிரதியில் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பதில் வராதபோது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். அப்போது அந்த முத்திரைதான் சாட்சி.

வேலை நடக்கவில்லை என்ற கோபத்தில், வீடு, காணி போன்ற ஆதனங்களுக்காகச் சபை அறவிடும் சோலை வரியை நிறுத்தி வைப்பது இன்னொரு தவறு. நிலுவைக்காக ஆதனத்தைக் கைப்பற்றும் அதிகாரம் சபைக்குச் சட்டத்தில் உண்டு. மாறாக, ஆண்டுக்குரிய வரி முழுவதையும் ஜனவரி 31இற்கு முன் செலுத்துவோருக்கு 10 சதவீதக் கழிவு கிடைக்கிறது.